பம்பாயின் ஊர்சுற்றி மின்னிசை

1954இல் ‘நாகின்’ என்ற இந்திப் படம் வந்தது. சென்னையிலிருந்து போன வைஜயந்திமாலா அதில் மகுடி ஓசைக்கு மயங்கி ஆடினார். படம் ஓடிய ஓட்டத்தில் அவர் இந்தி சினிமாவின் முன்வரிசை நடிகையானார். அந்த மெட்டும் தனியாக ஒரு வாழ்க்கை வாழத் தொடங்கியது. வட இந்தியக் கல்யாண ஊர்வலத்தில் பேண்டுக்காரர் அதை எடுத்தால் போதும், யாராவது ஒருவர் கைக்குட்டை நுனியைப் பல்லில் கடித்துப் பாம்பாட்டியாகிவிடுவார், இன்னொருவர் தரையில் விழுந்து நெளிவார். எழுபது வருஷமாக அந்த ஆட்டம் ஓயவில்லை.

படத்தில் ஒலித்தது மகுடி அல்ல. கிளாவியோலின் என்ற மின்சாரப் பெட்டி. பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் 1947இல் உருவாக்கியது. மூன்று ஸ்தாயி அளவுக்குக் கட்டைகள், தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி, உள்ளே வால்வுகள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்திப் பயனில்லை. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முழங்காலால் தள்ளும் ஒரு நெம்பு. சுரத்தை நடுங்கவைக்க ஒரு விசை. மேற்கத்திய நடன இசைக்குழுக்கள் வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் மாற்றாக வைத்துக்கொண்ட கருவி இது. பம்பாயில் அதன்முன் உட்கார்ந்த இளைஞர், கச்சிலிருந்து வந்து கிர்காவில் மளிகைக் கடை வைத்தவரின் மகன் கல்யாண்ஜி வீர்ஜி ஷா. ஒற்றைச் சுரமும் முழங்கால் நெம்பும் நடுக்கமும் சேர்ந்தால் சுரைக்குடுக்கை மகுடியின் மூக்கடைத்த ஓசை வரும் என்று அவர் கண்டுகொண்டார். பின்னாளில் இசையமைப்பாளரான ரவி பக்கத்தில் ஹார்மோனியம் வாசித்தார். படத்துக்கு இசையமைத்த ஹேமந்த் குமாருக்கு ஃபிலிம்பேர் விருது கிடைத்தது.

இந்த நகரத்தின் மின்னிசைக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1980களின் டிஸ்கோவிலோ 2000களின் கோவா விழாக்களிலோ ஆரம்பிக்கிறார்கள். ‘நாகின்’ படத்தில் ஆரம்பிப்பதுதான் நியாயம். கருவி முதலில் வந்தது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கல்யாண்ஜி அந்தப் பெட்டியை ஸ்டுடியோவில் விட்டுவிட்டுப் போகாமல் தூக்கிக்கொண்டு வெளியே போனார். தம்பி ஆனந்த்ஜியோடு ‘கல்யாண்ஜி வீர்ஜி அண்டு பார்ட்டி’ என்று ஒரு இசைக்குழு அமைத்து, பம்பாயிலும் வெளியூர்களிலும் மேடைக் கச்சேரி நடத்தினார். அண்ணனும் தம்பியும் படத்துக்கு இசையமைக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

ஸ்டுடியோவும் மேடையும் அந்நாளில் இரு வேறு உலகங்கள். பம்பாய் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். கோவாக்காரர்கள், பார்சிகள், பஞ்சாபிகள், வங்காளிகள், தெற்கத்தியர் எல்லோரும் இருப்பார்கள். டேக் சரியாக வந்ததும் அன்றைய கூலி கைக்கு வரும். இசைத்தட்டின் உறையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. 1970களில் மினிமூக் சிந்தசைசரை இந்திப் பட இசைக்குள் கொண்டுவந்த கெர்சி லார்டு, தாள வாத்தியக்காரர் காவஸ் லார்டின் மகன். தம்பி பர்ஜோரும் வாத்தியக்காரர்தான். ஒரு குடும்பமே பல்லாயிரம் பாட்டுகளில் வாசித்திருக்கிறது. அவர்களை ரசிகர்கள் பெயர் சொல்லி அறிந்தது, அந்தப் பாட்டுகள் பழையவையாகி ஆராய்ச்சிக்குப் பொருளான பிறகுதான். கெர்சி 2016இல் காலமானார். புதுக் கருவியைத் தொட்டவர்கள் பலர் இருந்தார்கள். கருவியோடு சேர்ந்து ஜனங்கள்முன் நின்றவர்களுக்குத்தான் பெயர் மிஞ்சியது. இந்த ஒரு வேறுபாடு அடுத்த அறுபது வருஷத்துக்கும் இந்த நகரத்தில் தொடர்ந்து வந்திருக்கிறது.

கல்யாண்ஜி ஆனந்த்ஜியின் தம்பி பாப்லா இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். தாள வாத்தியக்காரர். ரோட்டோடாம், தும்பா, பிறகு மின்தாளக் கருவிகள் என்று புதிதாக எது வந்தாலும் அவர் குழுவில் இடம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அவர் போட்ட ‘டிஸ்கோ தாண்டியா’ இசைத்தட்டுகள், கோலாட்டத் தாளத்தின் அடியில் டிஸ்கோவின் குதிரை ஓட்டத்தை வைத்தன. நவராத்திரி வருகிறது என்றால் கடையில் புதுத் தட்டு, மைதானத்தில் ஒன்பது ராத்திரி நேரடிக் கச்சேரி. தட்டு கச்சேரிக்கு ஆள் சேர்த்தது, கச்சேரி தட்டை விற்றது. இன்றைக்குச் சின்ன வயது இசைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, புது வெளியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்களே, அந்த ஏற்பாட்டின் பம்பாய் முன்னோடி இதுதான்.

பாப்லாவின் மனைவி காஞ்சன், 1980இல் வந்த ‘குர்பானி’யில் அமித் குமாரோடு லைலா பாட்டைப் பாடியவர். கணவனும் மனைவியும் குழுவைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனார்கள். டிரினிடாட், கயானா, சூரினாம். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிற இடங்கள் அவை. போஜ்பூரிக்காரர்களோடு ‘மதராசி’ என்று பெயர்பட்ட நம் ஆட்களின் வாரிசுகளும் அங்கே உண்டு. டிரினிடாட் பாட்டுக்காரர் சுந்தர் போப்போவின் பாடல்களை காஞ்சன் திரும்பப் பாடினார். மான்செராட் தீவுக்காரர் ஆரோவின் பிரபலமான சோக்கா பாட்டுக்கு இந்தி வடிவம் கொடுத்தார்கள். பம்பாயின் சிந்தசைசரும் கரீபியன் தாளமும் ஒரே தட்டில் வந்தன. டிரினிடாட்டின் சட்னி இசை பற்றிப் பேசுகிறவர்கள் பாப்லா, காஞ்சன் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. 2004இல் காஞ்சன் காலமானார். இந்தியாவில் அவரைப் பற்றி ஒழுங்காக எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு. கரீபியனில்தான் அவருக்கு உரிய மரியாதை கிடைத்தது என்பது வருத்தமான விஷயம்.

அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், இன்னொரு மனிதர் இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தார். கேட்க ஆளில்லை.

சரண்ஜித் சிங் ஸ்டுடியோ வாத்தியக்காரர். கிடார், பேஸ், டிரான்சிகார்டு என்று பலதும் வாசிப்பார். ஆர்.டி. பர்மன் காலத்துப் பாட்டுகள் பலவற்றில் அவர் கை உண்டு. சிங்கப்பூரில் மூன்று ரோலண்டு கருவிகளை வாங்கினார். எட்டுக் குரல்கள் ஒருசேர எழுப்பும் ஜூபிடர் 8 சிந்தசைசர், டிஆர் 808 டிரம் மெஷின், டிபி 303 என்ற சிறு வெள்ளிப் பெட்டி. கூட வாசிக்க பேஸ்காரர் கிடைக்காத கிடார்க்காரர்களுக்காக ஜப்பானியர்கள் செய்த பெட்டி அது. 1981இல் சந்தைக்கு வந்து, விற்காமல் 1984இல் நிறுத்தப்பட்டது. உண்மையான பேஸ் கிடார் போல அது ஒலிக்கவில்லை என்பதுதான் எல்லோர் புகாரும்.

சரண்ஜித் சிங் அதில் வேறொன்றைக் கேட்டார். அந்தப் பெட்டியில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வெட்டித் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஹார்மோனியத்துக்கு எட்டாத அந்த வழுக்கல்தான் ராகத்துக்கு உயிர். வடக்கே மீண்டு என்பார்கள், நாம் ஜாரு என்போம். 808இன் தாளத்தோடு 303ஐக் கம்பியால் கோத்து இரண்டையும் ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டார். மேலே ஜூபிடரில் ராகத்தைக் கையால் வாசித்தார். பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. பத்து ராகம், ஒரே டிஸ்கோ தாளம். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று 1982இல் எச்எம்வி இசைத்தட்டாகப் பதிவு செய்தது.

விற்கவில்லை. சாஸ்திரிய சங்கீதக்காரர்களுக்கு அது டிஸ்கோ. டிஸ்கோக்காரர்களுக்கு அது சாஸ்திரிய சங்கீதம். அவர் அதை மேடையேற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகவில்லை. அவருடைய மேடை கல்யாண வரவேற்பும் விருந்துகளும். அங்கே ஜனங்கள் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். தட்டு மறைந்துபோனது. ஐந்து வருஷம் கழித்து 1987இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு, பழைய விலைக்குக் கிடைத்த அதே டிபி 303 பெட்டியை முறுக்கி ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகையே பிறந்ததாக உலகம் கொண்டாடியது. சிகாகோ இளைஞர்கள் சரண்ஜித் சிங்கைக் கேட்டிருக்க வழியில்லை, ஆகவே அவர்தான் அதைத் தொடங்கிவைத்தார் என்று சொல்வது மிகை. ஆனால் அதே பெட்டியில் அதே பாதையை அவர் முன்னமே நடந்திருந்தார் என்பது தட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்பு போட்டார். 1982இல் இந்தியாவில் இப்படி ஒரு இசையா, யாரோ ஐரோப்பிய இசைக்காரர் செய்த பொய்ச் சரக்கு என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அதற்குப் பதிலாக எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதரே கருவிகளோடு ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். முப்பது வருஷம் தாமதமான வெளியீட்டுச் சுற்றுப்பயணம் அது. 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். 1982லேயே அவரோடு நாலு பேர் கூடியிருந்தால், ஒரு குழுவாகக் கல்லூரி விழாக்களுக்கும் மைதானங்களுக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அறைக்குள்ளேயே முடிந்துபோன இன்னொரு கதையும் உண்டு. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் மூடியது. ஒலிநாடாக்கள் நிறுவனத்திலேயே கிடந்து, 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

தமிழ்க் காதுகளுக்கு இந்த ஒலி சினிமா வழியாக வந்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி உதவியோடு இசையமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்க்கக் கூடிய கூட்டமும், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் கடைகளிலிருந்து கேசட் வாங்கிக்கொண்டு தாராவிக்கும் செம்பூருக்கும் போனவர்களும் இதைச் சென்னைக்காரர்களைப் போலவே உடனுக்குடன் கேட்டு வளர்ந்தார்கள். செம்பூரில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை சங்கர் மகாதேவன், 1998இல் ‘பிரெத்லெஸ்’ பாடி நாடறிந்தவரானார். கர்நாடக சங்கீதம் படித்த தொண்டை, கீபோர்டும் மின்தாளமும் சூழ்ந்த ஏற்பாடு. அந்தச் சேர்க்கை செம்பூர்க்காரர்களுக்கு விநோதமாகப்பட்டிருக்காது.

மேடை கிடைக்காத இசைக்கு இந்த நகரம் தெருவைக் கொடுத்தது. கணபதி விசர்ஜன ஊர்வலத்தில் வரும் ‘பென்ஜோ பார்ட்டி’யைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பிமேல் தட்டச்சுக் கட்டைகள் வைத்த புல்புல் தரங்குக்கு மின் பிக்கப் மாட்டி ஆம்ப்ளிஃபயரில் கொடுத்திருப்பார்கள். தள்ளுவண்டியிலோ லாரியிலோ கீபோர்டு, ஆக்டோபேட், அடுக்கிய ஸ்பீக்கர்கள், பின்னால் இரையும் ஜெனரேட்டர். வண்டி நகர நகர வாசிக்க வேண்டும். கூட்டம் நின்றால் நிற்க வேண்டும், கூட்டம் கேட்கும் மெட்டுக்குச் சட்டென்று மாற வேண்டும். மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியே வரதராஜ முதலியார் காலத்தில் போட்ட கணபதிப் பந்தல் நகரம் முழுக்கப் பேசப்பட்டது. ‘நாயகன்’ படம் அவர் வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. அந்தப் பந்தல்களும் ஊர்வலங்களும்தான் சேரிப் பிள்ளைகளின் முதல் சவுண்டு சிஸ்டம். நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற பேஸ் என்றால் என்ன என்று அவர்கள் கற்றது எந்த கிளப்பிலும் இல்லை.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்தபின் ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கர் நிற்க வேண்டும். வருஷத்தில் சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். பென்ஜோக்காரர்களுக்கு அந்தச் சில நாட்கள்தான் வருமானக் காலம்.

தெருவின் இந்த ஓசையைப் பெரிய மேடைக்குத் தூக்கியவர் நியூக்ளியா என்ற உத்யன் சாகர். அகமதாபாத்தின் பந்திஷ் புராஜெக்ட் குழுவிலிருந்து வந்தவர். 2015இல் வந்த ‘பேஸ் ராணி’ ஆல்பத்தில் டிவைன் ராப் பாடுகிறார். ‘சென்னை பேஸ்’ என்ற பாட்டில் நம் சின்னப்பொண்ணு பாடுகிறார். கிராமியக் குரலைச் சும்மா வெட்டி ஒட்டாமல், அந்தக் குரலின் வேகத்துக்கு பீட்டை இறக்கியும் ஏற்றியும் அமைத்திருப்பது கேட்டாலே தெரியும். அடுத்த ஆல்பமான ‘ராஜா பாஜா’வை 2016இல், விசர்ஜன நாளன்றே, வொர்லியின் என்எஸ்சிஐ டோமில் வெளியிட்டார். நவராத்திரிக்குத் தட்டு போட்ட பாப்லாவின் கணக்கேதான் இது.

தாராவிக்கு வருவோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு ஆட்கள் வந்து குடியேறத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள், பிறகு நாடார்கள். 90 அடி சாலையில் தை முதல் நாள் வரிசையாகப் பொங்கல் பானை ஏறுகிறது. கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்கள், பக்கத்துச் சந்தில் உத்தரப் பிரதேசத்து எம்ப்ராய்டரிக்காரர்கள், எதிரே மராத்தியர். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம். பிள்ளைகள் வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை, தெருவில் எல்லாப் பாஷையும் பேசி வளர்கிறார்கள். ராப் இங்கே வேர்பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வார்த்தையை மாற்றி மாற்றி எறிகிற பழக்கம் அவர்களுக்கு முன்னமே உண்டு.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஸ்லம்காட்ஸ்’ என்ற நடனக் கூட்டம் தாராவியில் இலவசமாக பிரேக் டான்ஸ் சொல்லிக்கொடுத்தது. ஸ்டோனி சைக்கோவும் நண்பர்களும் ‘டோபடெலிக்ஸ்’ குழுவாகக் கூடினார்கள். இங்கிலீஷ், இந்தி, மராத்தி, தமிழ் நான்கிலும் பாடினார்கள். ‘7 பண்டாய்ஸ்’ குழு வந்தது. எம்சி அல்தாஃப் வந்தார். 2019இல் தாராவியின் பின்கோடு 400017இன் கடைசி இரண்டு எண்களையே ‘கோடு மும்பை 17’ என்று பாட்டுக்குத் தலைப்பாக வைத்தார். ஆரம்பத்தில் யாரிடமும் ஸ்டுடியோ கிடையாது. பக்கத்துக் குர்லாவில் நேஸி 2014இல் ‘ஆஃபத்’ பாட்டை ஒரு ஐபேடில் பதிவுசெய்து வெளியிட்டது இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய தைரியம் கொடுத்தது. யூடியூபிலிருந்து பீட்டை இறக்கி அதன்மேல் பாடுவார்கள். பீட் இல்லையென்றால் பீட்பாக்ஸ். வட்டமாக நின்று ஒருவர் வாயாலேயே டிரம்சும் பேசும் எழுப்ப, மற்றவர்கள் முறைவைத்துப் பாடும் ‘சைஃபர்’தான் அவர்களின் மேடை, பள்ளிக்கூடம் இரண்டும். 2015 வாக்கில் ‘தாராவி புராஜெக்ட்’ தொடங்கி, ராப், பீட்பாக்ஸ், நடனம், சுவர் ஓவியம் என்று இலவச வகுப்புகளை ஒழுங்குபடுத்தியது.

2018இல் ரஜினிகாந்த் நடித்து பா. ரஞ்சித் இயக்கிய ‘காலா’வுக்குச் சந்தோஷ் நாராயணன் இசை. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் வேரூன்றிய மனிதனின் கதைக்கு, தாராவியின் நிஜக் குரலே வேண்டும் என்று டோபடெலிக்ஸ் குழுவைப் பாடவும் எழுதவும் அழைத்தார். மலேசியாவில் தமிழ் ராப்பை வளர்த்த யோகி பியும் அதே தொகுப்பில் இருக்கிறார். அந்த வருஷம் ஜனவரியில்தான் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியிருந்தது. பறையும் கானாவும் ராப்பும் ஒரே குழுவில், டென்மா இசை ஒருங்கிணைப்பில். தாராவி, கோலாலம்பூர், வடசென்னை மூன்றும் ஒரே சில மாதங்களுக்குள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டது தமிழ் இசைக்கு நல்ல காலம்.

பாடுகிறவர் முகம் தெரிகிறது. பீட் போட்டவர்? பழைய கதை இங்கேயும் எட்டிப்பார்க்கிறது. டிவைனும் நேஸியும் 2015இல் பாடிய ‘மேரே கல்லி மே’ ஊரெல்லாம் தெரிந்தது. அதற்கு பீட் அமைத்த செஸ் ஆன் தி பீட் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 2019இல் ‘கல்லி பாய்’ படம் வந்தபோது அந்தப் பாட்டு சினிமாவுக்குள் போனது, நாடே பாடியது. லேப்டாப்பில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தவரை யாரும் அடையாளம் காணவில்லை. கெர்சி லார்டுக்கு நேர்ந்ததும் இதுவே.

இதை மாற்றும் வழியாகத்தான் கூட்டணிகள் உருவாயின. மும்பையின் ‘ஸ்வதேசி’ குழுவில் பாடுகிறவர்களும் பீட் போடுகிறவர்களும் சரிசமம். எம்சி மவாலி, எம்சி தோட்ஃபோட், 100 ஆர்பிஎச், மஹார்யா பாடுவார்கள். பாம்பாய், நார், ராக்ஷஸ் ஒலியமைப்பார்கள். மராத்தி, குஜராத்தி, இந்தி, வங்காளம் கலந்த வரிகள். 2019இல் வார்லி பழங்குடியினரான பிரகாஷ் போயிரோடு சேர்ந்து ‘வார்லி ரிவோல்ட்’ வெளியிட்டார்கள். அந்த அக்டோபரில் ஆரே காட்டில் மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டியபோது அந்தப் பாட்டுக்கு வேறொரு கனம் வந்தது. குழுவாகப் போனால் செலவு குறைகிறது. ஒருவர் பாட்டுக்கு வந்த கூட்டம் அடுத்தவரின் புது வெளியீட்டையும் கேட்டுவிட்டுப் போகிறது. பீட் போட்டவர் மேடையில் நின்று தன் கையாலேயே வாசிப்பதால் முகமும் பெயரும் சேர்ந்து பதிகின்றன.

தோட்ஃபோட் என்ற தர்மேஷ் பர்மார் 2022 மார்ச்சில் இருபத்து நான்காவது வயதில் இறந்துபோனார். அவருடைய தனி ஆல்பம் ‘ட்ரூத் அண்ட் பேஸ்’ வெளிவந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதே மாதம் தம் குழு நடத்திய ‘ஸ்வதேசி மேளா’வில் அந்தப் பாட்டுகளை அவர் மேடையில் பாடியிருந்தார். ஒரு இளைஞன் தன் வேலையைத் தன் கூட்டாளிகள் நடுவில் நின்று வெளியிட முடிந்ததே என்பதில் ஓர் ஆறுதல்.

இந்தக் கதையில் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் ஒரு நேரடிப் பங்கு இருக்கிறது, அதை மும்பைத் தமிழர்களே அதிகம் பேசுவதில்லை. மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன் ‘தாதோம் புராஜெக்ட்’ என்று ஒன்றைத் தொடங்கி, ராப் பாடும் மும்பை இளைஞர்களுக்குக் கொன்னக்கோல் சொல்லிக்கொடுத்தார். ராப் பீட் பெரும்பாலும் நாலு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்குப் பதினாறு மாத்திரை. அந்தப் பதினாறை ‘தகதிமி’ நான்கு தடவை என்று நிரப்பலாம், அது எல்லோரும் செய்வது. ‘தகதகிட’ ஐந்து, இன்னொரு ‘தகதகிட’ ஐந்து, பிறகு ‘தகிட தகிட’ ஆறு என்றும் நிரப்பலாம். அடியில் ஓடும் டிரம் மெஷின் மாறவே மாறாது. மேலே வார்த்தைகள் ஐந்தாகவும் மூன்றாகவும் நழுவி ஓடி, கடைசியில் சரியாகச் சமத்தில் வந்து விழும். ஒரே சொற்கட்டை மூன்று தடவை சொல்லி முடிக்கும் தீர்மானம் ராப் வரியின் முத்தாய்ப்புக்கு அப்படியே பொருந்துகிறது. மவாலியும் பாம்பாயும் இதைக் கற்றவர்கள். ‘கல்லி பாய்’ தொகுப்பில் விவேக் இசையமைத்த ‘இண்டியா 91’ பாட்டில் தோட்ஃபோட், 100 ஆர்பிஎச், அல்தாஃப், மஹார்யா, நாக்ஷியஸ் டி ஆகியோர் பல மொழிகளில் பாட, அடியில் தென்னிந்தியத் தாளச் சொல் ஓடுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சபாக்கள் வளர்த்த கணக்கு, சேரித் தெருவின் வாயில் ஏறி, பிப்ரவரி 2019இல் நாடு முழுக்கத் தியேட்டரில் ஒலித்தது.

இப்போது இந்த இசைக்காரர்களின் பெரிய தட்டுப்பாடு இடம்தான். 2007 கடைசியில் லோயர் பரேலின் மதுராதாஸ் மில் வளாகத்தில் திறந்த ‘புளூஃபிராக்’, சினிமா அல்லாத இசைக்கு நல்ல ஒலியமைப்போடு மேடை கொடுத்தது. மும்பையின் பல புது இசைக்காரர்களின் வெளியீடுகள் அங்கே நடந்தன. 2016இல் மூடிவிட்டது. பெரிய விழாக்களில் மதுக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் புரளுகிறது, ஆனால் அங்கே புதியவருக்குக் கிடைப்பது மத்தியான வெயிலில் அரைமணி நேரம். பாட்டை இணையத்தில் கேட்பதால் வரும் காசு ரயில் டிக்கெட்டுக்குக் கூடக் காணாது. தாராவி மறுசீரமைப்பு வேலை தொடங்கியிருப்பதால், பயிற்சிக்குக் கூடும் மாடி அறைகளும் முற்றங்களும் எத்தனை நாளைக்கு என்ற கவலை வேறு.

சண்முகானந்தா அரங்கம் தாராவியிலிருந்து நடந்து போகிற தூரம். 1963இல் திறந்து, 1990இல் தீயில் எரிந்து, 1998இல் மறுபடியும் எழுந்த அரங்கம். இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் உட்காரலாம். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டிக்கும் சொந்தக் கூடம் உண்டு. வருஷம் முழுக்கக் கச்சேரி நடத்துகிற அனுபவமும் ஒலியமைப்பும் உறுப்பினர் பலமும் இந்தச் சபாக்களிடம் இருக்கின்றன. கொன்னக்கோல் கற்ற தாராவி, குர்லா பிள்ளைகளையும் அவர்களுக்கு பீட் போடுகிறவர்களையும் ஒரு குழுவாக அழைத்து, அவர்களின் அடுத்த வெளியீட்டை இந்த மேடைகளில் நடத்தினால், அங்கிருந்து புனே, சென்னை, கோவை என்று அவர்கள் கிளம்ப முடியும். அழைப்பிதழில் பாடுகிறவர் பெயருக்கு அடுத்த வரியிலேயே, அதே எழுத்து அளவில், பீட் அமைத்தவர் பெயரையும் போட வேண்டும். பக்கவாத்தியக்காரர் பெயரை அழைப்பிதழில் போடும் வழக்கம் நம் சபாக்களுக்குப் புதிதல்ல.